பதினான்கு வரியும் மீதி வெற்றிடமும்

“நாலாயிரத்து எண்ணூத்துப் பன்னிரண்டு வரி மாறியிருக்கு. இதுல நீ எழுதினது எத்தனை?”

“பதினாலு, சார்.”

“மீதி?”

“மீதி... அதுவா மாறிடுச்சு.”

“அதுவான்னா? பூனை எதாவது கீபோர்டு மேல படுத்துத் தூங்கிச்சா?”

அறையின் மறுகோடியில், பதில் சொன்னவளின் அண்ணி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சிரிப்பை விழுங்கினாள். விழுங்கியது தொண்டையில் சிக்கி இருமலாக வெளியே வந்தது.

கேள்வி கேட்டவரை அந்த அலுவலகத்தில் எல்லோரும் தாடி என்பார்கள், முகத்துக்கு நேரே மட்டும் சார். தாடியை மழித்து இரண்டு வருடம் ஆகிறது. பெயரை மழிக்கத்தான் வழி தெரியவில்லை. பதில் சொன்னவள் புதுசு. வேலைக்குச் சேர்ந்த அன்று “அந்தப் புதுசைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க” என்று தாடி சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. இன்னொருத்தர் வந்து சேர்ந்தால்தான் அது உதிரும். அதற்குள் அவளே உதிர்ந்துவிடாமல் இருக்க வேண்டும்.

தையல் கடைக்கு மேலே ஒற்றை அறை, அதுதான் அலுவலகம். கீழே நான்கு இயந்திரங்கள் ஒன்றாக ஓடும்போது மேலே தேநீரில் வளையம் வளையமாக அலை எழும். மூன்று மேசைகள், ஒரு ஜன்னல், சுவரில் ஒரு மின்பலகை. நகரத்தின் பேருந்து நிறுத்தங்களில் தொங்குகிற பலகைகளின் தங்கச்சி அது. எந்த வண்டி இன்னும் எத்தனை நிமிடத்தில் வரும் என்று அந்தப் பலகைகள் எல்லாவற்றுக்கும் சொல்லிக்கொடுக்கும் மூளை, அதாவது கணினி நிரல், இந்த அறையில்தான் எழுதப்பட்டது. எழுதுகிறவர்கள் இரண்டே பேர், தாடியும் அண்ணியும். இப்போது இரண்டே கால் பேர்.

கால் பேரின் மூன்று மாதச் சோதனைக் காலம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. முதலாளி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. அவள் எழுதிய ஒரு வேலையாவது தாடி படித்து, சரி என்று சொல்லி, நிரலில் சேர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வந்த படிக்கட்டிலேயே இறங்கிப் போகலாம். அன்று செவ்வாய்.

“சார், அந்தப் பதினாலு வரியை மட்டும் நான் காட்டறேனே...”

“இதுக்குள்ள நீ எதைக் காட்டுவே?” தாடி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு விலகினார்.

அவள் திரையைப் பார்த்தாள். பழைய வரியைச் சிவப்பிலும் புது வரியைப் பச்சையிலும் காட்டும் பக்கம் அது. மேலிருந்து கீழ்வரை சிவப்பும் பச்சையும் மாறி மாறி, கோடு போட்ட துணி மூட்டையை யாரோ அவிழ்த்துக் கொட்டியது போல் போய்க்கொண்டே இருந்தது. அதில் எந்த இழை அவளுடையது என்று அவளுக்கே தெரியவில்லை.

நடந்தது இதுதான். நிரலில் எந்த வரி எதற்குள் அடங்கும் என்பதை, அந்த வரி எவ்வளவு உள்ளே தள்ளி நிற்கிறது என்பதை வைத்துத்தான் கணினி புரிந்துகொள்ளும். தள்ளுவதற்கு இரண்டு வழி. டேப் விசையை ஒரு தட்டு, இல்லையென்றால் ஸ்பேஸ் விசையை நான்கு தட்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தாடி டேப் கட்சி. நிரல் எழுதுவதற்கு அவர் வைத்திருக்கும் எடிட்டர் பட்டன்களே இல்லாத கறுப்புத் திரை, மவுஸைத் தொடாமல் வேலை செய்கிறவர். அண்ணி ஸ்பேஸ் கட்சி. அவளுடைய எடிட்டரைத் திறந்தால் இடப்பக்கம், வலப்பக்கம், அடிப்பக்கம் என்று ஏழெட்டு ஜன்னல் கூடவே திறக்கும், கல்யாண வீடு மாதிரி. புதுசுக்கு இரண்டு கட்சியிலும் உறுப்பினர் அட்டை இல்லை. இணையத்தில் இலவசப் பாடம் பார்த்து வேலை கற்றவள் அவள். அந்தப் பாடத்தில் ஒருவன், “ஃபைலைச் சேமிச்சாலே எடிட்டர் அதுவா அழகுபடுத்திடும், இந்த வசதியைப் போட்டு வெச்சுக்குங்க” என்றான். போட்டு வைத்தாள். அது அவள் தொட்ட ஃபைல்களை எல்லாம் தன் ரசனைக்கு ஏற்ப முழுசாகச் சீவிச் சிங்காரித்துவிட்டது. நிரல் கெடவில்லை. யாராலும் படிக்க முடியாமல் போனது, அவ்வளவுதான்.

“விருந்துக்கு வந்தவங்க நம்ம வீட்டு பீரோ கட்டில் எல்லாத்தையும் இடம் மாத்தி வெச்சுட்டு, ‘சும்மா ஒரு டம்ளர் கழுவினேன்’னு சொன்னா எப்படி இருக்கும்? அப்படி இருக்கு,” என்றார் தாடி. “படிக்க மாட்டேன். சுத்தம் பண்ணி அனுப்பு.”

அந்தப் பதினான்கு வரி சின்ன விஷயம்தான், எழுதியவளுக்கு மட்டும் சின்னது இல்லை. இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் நான்கு வருடம் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் புதுசு. “வண்டி எண் ஒன்பது, மூன்றாவது நடைமேடை” என்று சொல்லிச் சொல்லி, தூக்கத்தில் யாராவது எழுப்பினாலும் அதையே சொல்லுவாள் என்று அண்ணன் கேலி செய்வான். மாலை ஆறு பத்துக்கு ஆஸ்பத்திரித் திருப்பத்துக்கு வரும் ஒன்பதாம் எண் வண்டி அங்கே மூன்று நிமிடம் நிற்கும். பகல் வேலை முடிந்த நர்ஸ்கள் வார்டை ஒப்படைத்துவிட்டு ஓடி வருவார்கள், அவர்களுக்காக. பலகைக்கு இது தெரியாது. ஆறு பத்து ஆனதும் ‘போய்விட்டது’ என்று காட்டி அடுத்த வண்டிக்குத் தாவிவிடும். வாசலில் தொங்குகிற பலகையைப் பார்த்த நர்ஸ்கள் தோள் தொங்க, அடுத்த தெரு நிறுத்தத்துக்கு நடக்க ஆரம்பிப்பார்கள். வண்டியோ மதில் சுவருக்கு அந்தப் பக்கம் எஞ்சின் உறும, அவர்களுக்காகவே காத்துக்கொண்டிருக்கும். பலகை மூன்று நிமிடம் ‘நிற்கிறது’ என்று சொன்னால் போதும். பதினான்கு வரி போதும்.

ஆனால் அந்தப் பதினான்கில் எட்டு வரி தாடியின் ஃபோல்டரில் எழுத வேண்டியது, ஆறு வரி அண்ணியின் ஃபோல்டரில். அங்கேதான் வினை. ஆறு வருடத்துக்கு முன்னால் டேப்பா ஸ்பேஸா என்று இருவரும் போட்ட சண்டையில் தையல் கடைக்காரர் மேலே ஏறி வந்து என்ன ஏது என்று கேட்டாராம். அதற்குப் பிறகு முதலாளி பாகப்பிரிவினை செய்து வைத்தார். வண்டிகள், பாதைகள், நேரங்கள் தாடிக்கு. பலகையில் தெரிகிற எல்லாம் அண்ணிக்கு. ஒருவர் ஃபோல்டரில் இன்னொருவர் கால் வைப்பதில்லை. எல்லை தாண்டிய முதல் ஆள் புதுசுதான்.

புதன்கிழமை காலை மறுபடி அனுப்பினாள். அழகுபடுத்தும் வசதியை அணைத்துவிட்டு, ஒவ்வொரு வரியாகக் கையாலேயே எழுதியிருந்தாள். அண்ணியின் ஃபைலில் இருந்த நான்கு வரி தாடியின் ஃபைலுக்கும் பொருந்தும் என்று தோன்ற, அப்படியே நகலெடுத்து ஒட்டினாள். அவள் திரையில் எல்லாம் பள்ளிக்கூட வரிசை மாதிரி நேராக நின்றன. பலகைப் பகுதியை மட்டும் ஓட்டிப் பார்த்தாள், ஓடியது. முழுசாக ஓட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

“இப்பதான் மனுஷங்க எழுதின மாதிரி இருக்கு,” என்றார் தாடி. அவர் வாயிலிருந்து அது மாலை மரியாதைக்குச் சமம். “ஓட்டிப் பார்த்துட்டுப் படிக்கிறேன்.”

ஓட்டினார். சுவரிலிருந்த பலகை ஒரு முறை கண்ணைச் சிமிட்டி அணைந்தது.

“கலந்துட்டே,” என்றாள் அண்ணி மெதுவாக. ஒரே ஃபைலில் டேப்பும் ஸ்பேஸும் கலந்தால் அவர்கள் எழுதும் மொழி ஓரடி நகராது.

“இங்க வா,” தாடி கூப்பிட்டார். “உன் ஸ்க்ரீன்ல நேரா இருக்கலாம். என்னோடதுல வந்து பாரு.”

மூன்று மாதத்தில் அவள் தாடியின் மேசைக்குப் பின்னால் போய் நின்றதே இல்லை. யாருமே போய் நின்றதில்லை. அவர் மேசை சுவரைப் பார்த்தபடி இல்லாமல் அறையைப் பார்த்தபடி இருக்கும், திரையின் முதுகுதான் மற்றவர்களுக்குத் தெரியும். இப்போது பார்த்தாள். எழுத்துகள் ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு இருந்தன. ஒரு வரியில் நாற்பது எழுத்துக்கு மேல் இடமில்லை. டேப்பின் அகலத்தை இரண்டே எழுத்தளவுக்குச் சுருக்கி வைத்திருந்தார். அதனால் அவருடைய வரிகள் இடது ஓரத்தை ஒட்டியே நடந்தன. அவள் ஒட்டிய நான்கு வரிகளோ, ஸ்பேஸ் ஸ்பேஸாகத் தள்ளித் தள்ளி, திரையின் நடுவில் போய் நின்றன.

“உங்க அண்ணி ஃபைல்ல எப்படி இருக்குன்னு பார்த்துடலாம்,” என்று அதைத் திறந்தார். வரிகள் பாதியிலேயே வலது ஓரத்தில் விழுந்து காணாமல் போயின. அவர் வலப்பக்கம் நகர்த்தினார், தொடக்கம் மறைந்தது. இடப்பக்கம் நகர்த்தினார், முடிவு மறைந்தது. முகத்தைத் திரைக்கு ஒரு சாண் அருகில் கொண்டுபோய், தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். கிணற்றுக்குள் எதையோ தவறவிட்டவர் எட்டிப் பார்ப்பது போலிருந்தது. பிறகு படக்கென்று மூடினார்.

“இது எப்பவும் இப்படித்தான். விடு. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சரியா அனுப்பு. வெள்ளிக்கிழமை நான் லீவு.”

ஆக அவளுக்கு இருந்தது நாளை ஒரு நாள்தான்.

திரும்பித் தன் இடத்துக்கு நடந்த ஆறு தப்படியில் புதுசுக்கு விஷயம் விளங்கியது. டேப் கட்சி, கொள்கை, பிடிவாதம் எல்லாம் போர்வை. அடியில் இருந்தது கண்.

அன்று மாலை வீட்டுச் சமையலறையில் அண்ணியும் அவளும் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தான்.

“டேப்பு ஸ்பேஸுன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தது, மடிச்ச துணியையெல்லாம் மறுபடி கலைச்சுடுவேன்,” என்றான்.

“கலைங்க, நீங்கதான் மடிக்கணும்,” என்றாள் அண்ணி. பிறகு நாத்தனார் பக்கம் திரும்பி, “நான் சிபாரிசு பண்ணி உன்னைச் சேர்த்தேன். அதுக்காகவே அந்த ஆள் உன்னைப் போட்டுப் படுத்தறாரோன்னு இருக்குடி,” என்றாள்.

“அப்படியெல்லாம் இல்ல, அண்ணி.”

“உனக்குத் தெரியாது. நான் சேர்ந்த முதல் வருஷம், பலகைப் பகுதி முழுக்கத் திருத்தி எழுதினேன். அச்சடிச்சா நாப்பது பக்கம் வரும். காலைல அனுப்பிட்டு டீ வாங்கிட்டு வந்தேன். டீ ஆறலை, அதுக்குள்ள பதில் வந்துடுச்சு. ‘சரி.’ ஒரே வார்த்தை. நாப்பது பக்கத்தை ஒரு நிமிஷத்துல யாராவது படிப்பாங்களா? அதுலேர்ந்து இன்னைவரைக்கும் அப்படித்தான். எது அனுப்பினாலும் அடுத்த நிமிஷம் ‘சரி.’ திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல. படிக்கறதுக்கே லாயக்கில்லைன்னு ஒரு ஆள் ஆறு வருஷமா தினமும் சொன்னா எப்படியிருக்கும் சொல்லு?”

கத்தியை விட வேகமாக ஓடியது அவள் குரல். சீவியதில் பாதிக் கிழங்கு தோலோடு போய்விட்டது.

புதுசின் நாக்கு நுனிவரை உண்மை வந்து நின்றது. சொன்னால் அண்ணியின் ஆறு வருடப் புண் இப்போதே ஆறிவிடும். ஆனால் தாடி தன் மேசையை அறையைப் பார்த்துத் திருப்பிப் போட்டு வைத்திருப்பது எதற்காக? ஒரு மனிதர் அவ்வளவு பாடுபட்டு மூடி வைத்ததை, உருளைக்கிழங்குத் தோலோடு சேர்த்து அவள் கொட்டிவிட முடியாது. கிழங்கைக் கழுவினாள். சாப்பிட்டதும் கணினியைத் திறந்து உட்கார்ந்தாள்.

வியாழக்கிழமை காலை ஏழரைக்கு அலுவலகம் போனாள். தாடி எப்போதும் அந்த நேரத்துக்கு வந்துவிடுவார். கீழே தையல் கடை இன்னும் திறக்கவில்லை, தரை அசையாமல் இருந்தது.

“அனுப்பிட்டியா?”

“இன்னும் இல்ல, சார். அதுக்கு முன்னாடி இது.” பதினொரு வரி உள்ள ஒரு சின்ன ஃபைலைக் காட்டினாள். “இதை நம்ம புராஜெக்ட்டோட தலைவாசல்ல வெச்சுட்டா, யார் எந்த எடிட்டர்ல திறந்தாலும் அது முதல்ல இதைப் படிச்சுட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கும். உங்க கறுப்பு ஸ்க்ரீனும் படிக்கும், அண்ணியோட கல்யாண வீடும் படிக்கும். எதால தள்ளணும், வரி எப்படி முடியணும், எல்லாம் இதுல இருக்கு. அப்புறம் ஒரு கருவி. நாம எழுதினதை அனுப்பற நேரத்துல அதுவே ஒரே மாதிரி சீர் பண்ணிடும். யார் எப்படி எழுதினாலும் உள்ள போறது ஒரே மாதிரி இருக்கும். அதுக்கப்புறம் யாரோட பதினாலு வரியும் நாலாயிரமா ஆகாது.”

தாடி முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுபோனார். “இதெல்லாம் எனக்குத் தெரியாதுன்னா நினைக்கறே? இதுக்கு ஒரு முடிவு எடுத்தாகணும். டேப்பா, ஸ்பேஸா. அதைத்தான் இங்க யாராலயும்...” நின்றார். மூன்றாவது வரிக்கு வந்திருந்தார். “டேப்னு போட்டிருக்கே.”

“ஆமா.”

“உங்க அண்ணி உனக்குச் சோறு போட மாட்டாங்க.”

“டேப்னா அகலத்தை அவங்கவங்க ஸ்க்ரீன்ல அவங்கவங்க வெச்சுக்கலாம், சார். அண்ணிக்கு நாலு. உங்களுக்கு ரெண்டு.”

கீழே யாரோ கடையின் இரும்புக் கதவைத் தூக்கினார்கள். தாடி திரையிலிருந்து முகத்தை எடுத்தார்.

“எனக்கு ரெண்டுன்னு யார் சொன்னா?”

“நேத்து பார்த்தேன்.”

“வீட்டுல சொன்னியா?”

“இல்ல. அது நான் சொல்ற விஷயம் இல்ல. ஆனா ஏன் டேப்புன்னு அண்ணி கேப்பாங்க. எனக்குப் பொய் சொல்ல வராது, சார். மூக்கு நுனி சிவந்து காட்டிக்கொடுத்துடும்.”

தாடி அவள் மூக்கைப் பார்த்தார். அவ்வளவு தூரத்திலிருந்து அவருக்கு அது தெரிந்ததோ என்னவோ. தன் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். தன் வேலைக்குத் தானே குழி தோண்டிவிட்டோம் என்று நினைத்தபடி புதுசு தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

ஒன்பது மணிக்கு அண்ணி வந்தாள். பையைக்கூட இறக்காமல் அந்தப் பதினொரு வரியைப் படித்தாள்.

“என் தட்டுல சாப்பிட்டுட்டு டேப்பா? அடிப்பாவி! அந்த ஆளுக்குப் பயந்து...”

“மேடம்,” என்றார் தாடி. எழுந்து நின்றிருந்தார். “அவ பயந்து போடல. எனக்காகப் போட்டிருக்கா.”

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

“எனக்குக் கண் நடுவுல மங்கிட்டு வருது. ஏழு வருஷமா. கண்ணாடியால ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். எழுத்தைப் பெருசா வெச்சா நல்லாவே படிப்பேன், வேலைல ஒரு குறையும் வராது. ஆனா உங்க வரி எல்லாம் நாலு நாலா உள்ள போயிட்டே இருக்கும். நாலாவது அடுக்குல என் ஸ்க்ரீன் தீர்ந்துடும். நீள வரியை உடைச்சு அடுத்த வரில காட்டச் சொன்னா எது உள்ள, எது வெளியன்னே தெரியாது.” ஒரு மூச்சு விட்டார். “நீங்க அனுப்பினது எதையும் நான் படிச்சதில்ல. படிக்க முடியல. முதலாளிக்குத் தெரிஞ்சா அனுப்பிடுவாரோன்னு வாயைத் திறக்கல. நீங்க எழுதி எந்தப் பலகையும் அணைஞ்சதில்ல. அந்தத் தைரியத்துலதான் ‘சரி’ போட்டுட்டே இருந்தேன்.”

அண்ணியின் தோளிலிருந்து பை தானாக நழுவி நாற்காலியில் விழுந்தது.

“ஆறு வருஷமா நான் உங்களைத் திமிர் பிடிச்சவர்னு நினைச்சுட்டிருந்தேன், சார்.”

“அதுவும் உண்மைதான், மேடம். ரெண்டும் சேர்ந்துதான் இருக்கு.”

அண்ணி சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியாது. முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்த விதத்திலேயே பேரம் தொடங்கிவிட்டது தெரிந்தது.

“டேப் உங்களுக்கு. வரியும் நாப்பது எழுத்தைத் தாண்டக் கூடாது, உங்க ஸ்க்ரீன்ல முழுசா நிக்கணும். நான்தான் ரயில் மாதிரி எழுதறேன்.”

“உங்களுக்குக் கஷ்டம். ஐம்பது.”

“நாப்பது.”

“சரி. உங்களுக்கு ரெண்டு வரிக்கு நடுவுல மூணு காலி வரி விடற பழக்கம் இருக்காமே, அது கூடாது.”

“அதை யார் உங்களுக்குச் சொன்னது? நீங்கதான் படிச்சதே இல்லையே!”

“...கேள்விப்பட்டேன்.”

புதுசின் மூக்கு நுனி சிவந்தது.

“உங்க வரிக் கடைசில தொங்கற காலி இடமெல்லாம் போகணும்,” என்றாள் அண்ணி. “வெள்ளை வேட்டில ஒட்டின முள் மாதிரி எங்க பார்த்தாலும் தொங்குது.”

“எனக்கு அது தெரியறதே இல்லையே?”

“எங்களுக்குத் தெரியுது.”

பத்தரை மணிக்குப் பதினொரு வரி பதினேழு ஆகி, இருவரும் ஒத்துக்கொண்டார்கள். பகல் பன்னிரண்டுக்கு இருவரும் கைவசம் வைத்திருந்த அரைகுறை வேலையை எல்லாம் சேர்த்து முடித்துவிட்டு விசைப்பலகையிலிருந்து கையை எடுக்க வேண்டும், புதுசு கருவியை ஓட்டிவிட்டுச் சொல்லும்வரை ஒரு எழுத்துகூடத் தொடக் கூடாது என்று முடிவானது. கடைசி நிமிடத்தில் அண்ணிக்கு ஒரு சந்தேகம்.

“ஒவ்வொரு வரியையும் யார் எழுதினாங்கன்னு குறிப்பு இருக்கே, அது என்ன ஆகும்? எல்லாம் இவ பேர்ல வந்துடாதா?”

“வரட்டுமே,” என்றார் தாடி. “மூணு மாசத்துல அறுபதாயிரம் வரி எழுதினவள்னு பதக்கம் குடுப்பாங்க.”

“வேண்டாம் சார், அதுல இருக்கற தப்பும் என் பேர்ல வரும்,” என்றாள் புதுசு. “இந்த ஒரு மாற்றத்தை மட்டும் கணக்குல எடுக்காதேன்னு தனியா எழுதி வெச்சுடறேன். எழுதினவங்க பேர் அப்படியே இருக்கும்.”

கருவியை ஓட்டினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு ஃபைல், பதினொரு விநாடி. சுவரில் பலகை அணையவில்லை. ஒரு சிமிட்டல்கூட இல்லை. ஏழாம் எண் நான்கு நிமிடம், பதினைந்தாம் எண் ஒன்பது நிமிடம் என்று அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆறு வருட எல்லைக் கோடு அழிந்தது அதற்குத் தெரியவே இல்லை.

தாடி அண்ணியின் ஃபோல்டரைத் திறந்திருந்தார். வரிகள் அவர் திரையில் இடது ஓரத்தை ஒட்டி, இரண்டிரண்டு எழுத்தாக ஒதுங்கி, முழுசாக நின்றன. அவர் படித்துக்கொண்டே போனார். நடுவில் “அட” என்றார். இன்னொரு இடத்தில் “இதை இப்படியா பண்ணினீங்க?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அண்ணி வேலை செய்வது போல் பாவனை செய்தாள். ஒரு மணி நேரமாக அவள் திரையில் ஒரு வரியும் நகரவில்லை. பரீட்சை எழுதிய பேப்பர் திருத்தப்படும்போது ஜன்னல் வழியே பார்க்கிற பிள்ளை மாதிரி, ஆனால் பார்க்காதது போல, உட்கார்ந்திருந்தாள்.

நான்கு மணி சுமாருக்குத் தாடி நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

“மேடம், பலகை நிறம் மாத்தற ஃபைல்ல, இருநூத்து மூணாவது வரி. குறிப்பு ஒண்ணு எழுதியிருக்கீங்க. ‘இந்த வரியைப் படித்தவர் என்னிடம் வந்து சொல்லவும்’னு.”

அண்ணி திரும்பவில்லை.

“நாலு வருஷம் முன்னாடி தேதி போட்டிருக்கு,” என்றார் தாடி. மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, அவள் நாற்காலிக்கு அருகில் நின்றார். “படிச்சேன். வந்து சொல்றேன்.”

“லேட்டா வந்திருக்கீங்க,” என்றாள் அண்ணி, திரையைப் பார்த்தபடியே. “அதுக்குக் கீழ ஒரு தப்பு வேணும்னே விட்டு வெச்சிருந்தேன். அதையும் கண்டுபிடிச்சீங்களா?”

“இருநூத்து ஒன்பதாவது வரி.”

“போங்க சார்,” என்றாள் அண்ணி. குரல் உடைந்திருந்தது, முகம் சிரித்தது.

இவ்வளவும் ஆன பிறகுதான் புதுசு தன்னுடையதை அனுப்பினாள். மணி ஐந்து இருபது. முழுசாக, மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்பினாள். தாடியின் திரையில் அது வந்து விழுந்தது. சிவப்பு ஒன்றுகூட இல்லை. பச்சையில் பதினான்கு வரி, வயலில் நட்ட நாற்று மாதிரி. அவள் அவர் மேசைக்குப் பின்னால் போய் நின்றாள். அவர் போகச் சொல்லவில்லை.

தாடி விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். முதல் எட்டு. அடுத்த ஆறு. மறுபடி மேலே வந்தார். மூன்றாவது வரியில் விரல் நின்றது.

“எழுதின விதம் சரியா இருக்கு. ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா மூணு நிமிஷம் நிக்கும்னு போட்டிருக்கே, அது எங்க இருந்து வந்தது? டிப்போ குடுத்த அட்டவணைல ஒன்பதாம் நம்பர் அங்க நிக்கறதாவே இல்ல.”

“அட்டவணைல இருக்காது, சார். டிரைவர்களா நிறுத்தறது. நான் நிலையத்துல இருந்தப்ப தினமும் வயர்லெஸ்ல கேப்பேன். ‘திருப்பத்துல நிக்கறேன், பிள்ளைங்க வரட்டும்’பாங்க. யார் ஓட்டினாலும் அப்படித்தான்.”

“நீ விட்டு வந்து மூணு மாசம் ஆச்சு. இப்பவும் நிக்குதுன்னு எப்படித் தெரியும்? நிக்காத வண்டியை ‘நிற்கிறது’ன்னு பலகை சொன்னா, அதை நம்பித் திருப்பத்துக்கு ஓடி வர்றவங்க கதி? நான் படிச்சு ‘சரி’ போட்டா அது என் ‘சரி’. இனிமே படிக்காம போட்டேன்னு சொல்லித் தப்பிக்க முடியாது.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நாலாயிரம் வரியில் மூச்சுத் திணறிக் கிடந்தபோது யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள். இப்போது பதினான்கும் பட்டப்பகல் போலத் தெரிகின்றன, அதனால் கேட்கிறார். அவள் எழுதியதை ஒருவர் உண்மையிலேயே படித்திருக்கிறார் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? பயத்துக்கு நடுவிலும் அவளுக்குள் ஏதோ குபுகுபுவென்று ஊறியது. அது சந்தோஷம் என்று அடையாளம் காண ஒரு கணம் பிடித்தது.

அண்ணி தன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு பார்த்தாள். நாத்தனாருக்குப் பரிந்து பேசுகிற நேரம் இது இல்லை என்று அவளுக்கும் தெரிந்திருந்தது.

புதுசு ஜன்னலைப் பார்த்தாள். வெயில் எதிர் மாடியின் பாதியில் இருந்தது.

“சார், ஆஸ்பத்திரித் திருப்பம் இங்கேர்ந்து இருபது நிமிஷ நடை. ஆறு பத்துக்கு இன்னும் நேரம் இருக்கு. வண்டி வந்து நிக்குதா இல்லையா, நர்ஸுங்க பலகையைப் பார்த்துட்டுத் திரும்பிப் போறாங்களா இல்லையா, நீங்களே பாருங்க. மதில் பக்கத்துல நின்னா எஞ்சின் சத்தமே கேக்கும், கண்ணுக்கு வேலையே இல்ல. நிக்கலைன்னா நானே இந்தப் பதினாலு வரியையும் அழிச்சுடறேன், நாளைக்கு வர மாட்டேன். நின்னா...” அவள் அவருடைய மேசைக்கு முன்பக்கம் வந்து, கதவின் கைப்பிடியில் கையை வைத்தாள். “இப்பவே என்கூட வர்றீங்களா, சார்?”